நகீப் என்னும் சொல்

அரபு மொழியில் தொழிற்சங்கத்திற்கு இன்று வழங்கும் பெயர் ‘நிகாபா’. அதன் தலைவர் ‘நகீப்’. துளைத்தல், தோண்டி ஆராய்தல் என்பது வேர்ச்சொல்லின் பொருள். தம் கூட்டத்தாரின் நிலையை உட்புகுந்தறிந்து அவர்கள் பொருட்டுப் பொறுப்பேற்பவரே நகீப். பனீ இஸ்ராயீல்களின் பன்னிரு தலைவர்களைத் திருக்குர்ஆன் இச்சொல்லாலேயே சுட்டுகிறது. அதே வேரில் பிறந்த ‘நகப்’ என்பதோ சுவரில் இடும் துளை. கன்னம் வைக்கும் திருடனுக்கு உருதுவில் அதிலிருந்தே பெயர் வந்தது. பூமியைத் தோண்டிக் கனிமம் தேடுவதற்கும் அவ்வேரே. மாணவர்க்கு இம்மூன்றையும் சேர்த்துச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தன்பாத் நினைவுக்கு வரும்.

தன்பாத், ஜரியா நிலக்கரி வட்டாரம் அன்று பீகாரில் இருந்தது. 2000 முதல் ஜார்கண்டைச் சேர்ந்தது. சுரங்கங்கள் தனியாரிடம் இருந்தபோது, தொழிலாளரை அடக்க முதலாளிகள் தடியாட்களை வைத்திருந்தனர். 1972-லும் 1973-லும் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. முதலாளி போனார்; தடியாள் போகவில்லை. அவன் சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டான். உழைத்தவர் பலருடைய பெயர்கள் பதிவேட்டிலிருந்து மறைய, அவ்விடத்தில் வெளியார் பெயர்கள் ஏறின. சம்பள நாளில் வட்டிக்காரனும் சந்தா வாங்குபவனும் வாயிலிலேயே காத்திருந்தார்கள். பல இடங்களில் இருவரும் ஒருவனே!

காங்கிரஸ் சார்புச் சங்கத்தின் பெருந்தலைவராயிருந்த பி. பி. சின்ஹா 1979-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு காலத்தில் அவருக்கு அணுக்கராயிருந்து, பின்னர் ஜனதா மஸ்தூர் சங்கத்தை நடத்திய சூர்யதேவ் சிங், 1977 முதல் 1991-இல் இறக்கும்வரை ஜரியாவின் சட்டமன்ற உறுப்பினர். ‘நிலக்கரி மாஃபியா’ என்று பத்திரிகைகள் எழுதியபோதெல்லாம் அவர் பெயர் அடிபட்டது. ஐயம் வேறு, தீர்ப்பு வேறு; அந்த வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆயினும், அத்தனை ஐயத்துக்கும் நடுவே மக்கள் ஏன் அவருக்கு வாக்களித்தார்கள் என்பதே எனக்குப் பெரிய வினா. அச்சம் மட்டும் என்று விடை கூறுவது எளிது. வேலை வாங்கித் தந்தவன், நோய்க்குக் கடன் கொடுத்தவன், போலீஸ் பிடித்தால் மீட்டு வந்தவன் எல்லாம் ஒருவனேயாகும்போது, அவனை வெறுப்பதற்கும் ஏழைக்குக் கொஞ்சம் வசதி வேண்டும்.

வீரசோழன் பக்கத்து வறண்ட நிலத்தார்க்கு இது புதிதன்று. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைக் கங்காணி திரட்டினான், முன்பணம் தந்தான், வேலை வாங்கினான், வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் ‘தலைக்காசு’ பெற்றான். கூலிக்காரனுக்கு அவனே காவல், அவனே கடன்காரன். கொடி ஒன்றுதான் அவன் கையில் இல்லை.

அதே தன்பாத்தில் ஏ. கே. ராய் என்றொரு பொறியாளர் இருந்தார். சிந்திரியில் தொழிலாளர் பக்கம் நின்றமையால் வேலை இழந்தவர். நெருக்கடி நிலையின்போது சிறையிலிருந்தபடியே 1977-இல் நாடாளுமன்றத்திற்குத் தேர்வானார்; மும்முறை அங்கே உறுப்பினராயிருந்தார். மணம் செய்யவில்லை. ஓய்வூதியத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் குருதாஸ் சாட்டர்ஜி, நிலக்கரிக் கொள்ளையை எதிர்த்து வந்தவர், 2000 ஏப்ரல் 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின்னும் ராய் காவலர் துணையின்றித் தொழிலாளரிடையே வாழ்ந்து, 2019 ஜூலையில் மறைந்தார்.