முறத்து அரிசியும் குருவிக் கூட்டமும்

கம்பு பால் பிடித்துவிட்டால் போதும், மயிலம், வானூர் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரே கேள்விதான்: குருவி விழுகிறதே, என்ன செய்யலாம்? பதிலும் தெரிந்ததுதான். விடிந்ததும் முதல் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு சாயங்காலம், இந்த இரண்டு வேளையில்தான் பறவைகள் அதிகம் இறங்கும். அப்போது கொல்லையில் ஆள் இருக்க வேண்டும். மின்னும் நாடாவைக் காற்றில் அதிரும்படி இழுத்துக் கட்டலாம், தகரம் தட்டலாம். சில நாளில் அதுவும் குருவிக்குப் பழகிவிடும், இடத்தை மாற்றிக் கட்ட வேண்டும்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே குருவியின் கட்சிக்காரர் ஒருவர் இருந்தால் என்ன செய்வது? அதற்கு மருந்து கிடையாது.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் இப்படி ஒரு அப்பாவோ தாத்தாவோ இல்லாத ஊர் குறைவு. மல்லாட்டை விதைத்த அன்று காக்காய் விரட்டப் பிள்ளைகளை நிறுத்தி வைப்பார். திரும்பிப் பார்த்தால் வரப்போரம் தானே ஒரு பிடி பருப்பை இறைத்துக்கொண்டு நிற்பார். புது நெல் களத்துக்குப் போகும் முன்னே ஒரு கொத்துக் கதிரைப் பின்னித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவார். உழவு மாட்டிடம் நியாயம் கேட்பார். பிள்ளைகளுக்கு இதெல்லாம் சிரிப்பு, பெரியவர்களான பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் அவ்வளவு சிரிப்பு வராது.

இந்த வகை அப்பாக்களில் பெயர் பெற்றவர் ஒருவர் இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. திண்டிவனத்திலிருந்து பார்த்தாலும் விழுப்புரத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் குடியிருந்தார் பாரதியார். அவருடைய பாட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தாயிற்று. தங்கம்மாள், சகுந்தலா என்ற இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அவர் எப்படிப்பட்ட அப்பா என்பது பாடப்புத்தகத்தில் வராத சங்கதி.

வெள்ளைக்கார அரசாங்கத்தின் பிடிக்குத் தப்பி பிரெஞ்சு ஊருக்கு வந்த குடும்பம். தெருவில் ஒற்றர்கள் திரிவார்கள். பத்திரிகைக்கு எழுதினால் காசு, இல்லாவிட்டால் நண்பர்கள் தயவு. அப்படி ஒரு நாள் உலை வைக்க வேண்டிய அரிசியை முறத்தில் போட்டு, கல் பொறுக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார் செல்லம்மாள். திரும்பி வந்தால் முறத்தில் அரிசி குறைந்திருக்கிறது. முற்றம் முழுக்கக் குருவி. வீட்டுக்காரர் பிடி பிடியாக அள்ளி வீசிக்கொண்டு, அவை கொத்துகிற அழகைப் பார்க்க வா என்று மனைவியையும் கூப்பிடுகிறார்! செல்லம்மாளுக்கு வந்த கோபம் எந்த வீட்டிலும் வரக்கூடியதுதான். அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சோறு அந்த முறத்தில்தான் இருந்தது.

அந்த வீட்டில் பழகி வளர்ந்த யதுகிரி அம்மாள் பின்னாளில் எழுதிய நினைவுகளில் இந்த நிகழ்ச்சி வருகிறது. படிக்கிறவர்கள் பாரதியாரைப் பார்த்து நெகிழ்கிறார்கள். முறத்தைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

குருவிக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். தானியம் தின்கிறது என்பது மெய். ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும். 1958-ல் சீனாவில் குருவியைப் பயிருக்கு எதிரி என்று அறிவித்து, ஊர் ஊராகத் தட்டுமுட்டுச் சாமானைத் தட்டி, உட்கார விடாமல் விரட்டியே கொன்றார்கள். பூச்சி பெருகிவிட்டது. 1960-ல் ஒழிக்க வேண்டியவை பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். பாரதியார் இந்தக் கணக்கெல்லாம் பார்த்து அரிசி இறைக்கவில்லை. பார்த்திருந்தாலும் செல்லம்மாளிடம் அது எடுபட்டிருக்காது.

குருவியோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவிட்டார். அந்தக் காலத்து அக்கிரகாரத்தில் அதற்கு என்ன பேச்சு வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புதுச்சேரியை விட்டு வெளியேறிக் கடையத்தில் இருந்த நாளில் குடும்பத்தோடு திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குப் போனார். சிங்கத்தின் கூண்டுக்குள் கையை விட்டுத் தடவிக்கொடுத்தார். சிங்கராஜாவோடு பேச்சு வார்த்தை வேறு! செல்லம்மாள் நடுங்கிப்போய் நின்றார். காப்பாற்றச் சொல்லி அவர் வேண்டாத தெய்வம் இருந்திருக்காது.

சிங்கம் ஒன்றும் செய்யவில்லை. யானைதான் செய்தது. 1921-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானைக்கு வழக்கம்போலத் தின்னக் கொடுக்கப் போனவரை அது தள்ளிவிட்டது. குவளைக்கண்ணன் என்ற அன்பர் உள்ளே பாய்ந்து தூக்கி வந்தார். அதிலிருந்து தேறினாலும் வயிற்றுப்போக்கு வந்து, அதே வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். வயது 39 நிறையவில்லை. மூத்தவளுக்கு 17, சின்னவளுக்கு 13.

ஏழு வயதில் கல்யாணமாகி வந்த செல்லம்மாள் அதற்குப் பிறகு 30 வருஷத்துக்கும் மேல் இருந்தார். கணவரின் எழுத்தை அச்சுப்போட முயன்றார். அவரைப் பற்றிச் செல்லம்மாள் சொல்லச் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதி 1941-ல் புத்தகமாக வந்தது. சகுந்தலாவும் தன் அப்பாவைப் பற்றித் தனியாக எழுதினார். 1951-ல் திருச்சி வானொலியில் பேசும்போது, இன்றைக்கு மகாகவியின் மனைவி என்று கொண்டாடுகிறவர்கள் அன்றைக்குப் பைத்தியக்காரன் மனைவி என்றுதான் சொன்னார்கள் என்று செல்லம்மாளே சொல்லிவிட்டார். ஊர் கொடுத்த அந்தப் பட்டத்தை அவர் மறைக்கவில்லை. கணவரை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

அப்பாவின் கிறுக்கைப் பிள்ளைகள் பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது என்றால், அந்த நாளில் யாரோ எப்படியோ உலையை ஏற்றியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கியோ, தன் பங்கைக் குறைத்துக்கொண்டோ. நம் பக்கத்துக் குடும்பங்களிலும் இதே கதைதான். அரை ஏக்கரில் ஊரே போடாத பயிரைப் போட்டுப் பார்க்கிற அப்பாவைப் பற்றி மகன் பெருமையாகப் பேசுவார். அந்தப் போகத்தில் அடகுக்குப் போனது யாருடைய தோடு என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேச்சிருக்காது.

கெட்டிக்கார அம்மாக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அரிசி புடைக்கும்போதே நொய்யைத் தனியாகக் கொட்டாங்குச்சியில் எடுத்து, திண்ணையில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிடுவார்கள். அவர் குருவிக்கு இறைத்துக்கொண்டிருப்பார். முறம் அடுப்படியில், கதவுக்குப் பின்னால் இருக்கும்.