நிக்காத நோட்

உங்க காலேஜ் பேண்ட்ல கீபோர்டு வாசிக்கிற யாரையாவது பிடிச்சு ஒரு கேள்வி கேளுங்க. லேப்டாப்போட கனெக்ட் பண்ணி வாசிச்சிட்டு இருக்கும்போதே யுஎஸ்பி வயரைப் பிடுங்கினா, சத்தம் நிக்குமா நிக்காதா?

நிக்கும்னுதான் நானும் நினைச்சேன். இத்தனைக்கும் ஈசிஇ ஃபைனல் இயர். சீரியல் கம்யூனிகேஷன் எக்ஸ்பரிமெண்ட் பண்ணி ரெகார்டுல சைன் வாங்கினவன்.

எனக்கு வீடு புத்தூர். குழுமாயி அம்மன் திருவிழாவுக்குக் கட்டுற ஸ்பீக்கர் சத்தத்துல வளர்ந்தவன். (தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க.) போன வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவுல சேர்ந்தேன். கீழே 61 கட்டை கீபோர்டு, மேலே யுஎஸ்பி பவர்லயே ஓடுற 49 கட்டை, ரெண்டும் ஹப் வழியா லேப்டாப்புக்கு. கீழே பியானோ, மேலே ஸ்டிரிங்ஸ்.

அந்தக் குழுவுல ஏற்கெனவே ஒருத்தர் இருந்தார். எல்லாரும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. பல வருஷமா மெயின் கீபோர்டு அவர்தான். நான் வந்ததும் "புதுப் பாட்டுக்கு லேப்டாப் சவுண்டு வேணும் மாஸ்டர்"னு சொல்லி, அவரை செகண்ட் கீபோர்டுக்கு மாத்திட்டாங்க. அவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அப்போ பெருமையாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல விரும்பல.

அன்னைக்கு நால்ரோடு பக்கம் ஒரு மண்டபத்துல ரிசப்ஷன். அவசரத்துல வயரை வழக்கமான ஓட்டையில சொருகாம வேற ஓட்டையில சொருகினேன். விண்டோஸ் அதே கீபோர்டை வேற ஆளா நினைச்சு, பேருக்கு முன்னாடி ஒரு '2' போட்டுச்சு. என் சாஃப்ட்வேருக்குப் பழைய பேர்தான் தெரியும். மேல் கீபோர்டு ஊமை. ஒவ்வொரு பாட்டுக்கும் செட் பண்ணின இன்புட்டையெல்லாம் ஒண்ணொண்ணா மாத்தி முடிச்சப்போ மாப்பிள்ளை வந்துட்டார். இதையே கெட்ட சகுனமா எடுத்திருக்கணும்.

மூணாவது பாட்டு, மெலடி. ஸ்டிரிங்ஸ்ல ஒரு கார்டை அமுக்கிப் பிடிச்சிருக்கேன், கரண்ட் போச்சு. ஸ்பீக்கர், மிக்ஸர், ஹப், ரெண்டு கீபோர்டு எல்லாம் அவுட். லேப்டாப் மட்டும் பேட்டரியில ஓடிக்கிட்டே இருக்கு. கையை எடுத்தேன். ஜெனரேட்டர் வந்துச்சு, ஸ்பீக்கர் வந்துச்சு, கூடவே அந்தக் கார்டும் வந்துச்சு. 'ஞ்ஞ்ஞ்...'னு மண்டபம் முழுக்க. கட்டையை அமுக்கினேன், விட்டேன், வயரைப் பிடுங்கினேன், திரும்பச் சொருகினேன். நிக்கல. சாப்பிட்டுட்டு இருந்தவங்க எல்லாம் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறாங்க.

ஏன் நிக்கலன்னா, மிடி வயர்ல சத்தமே போறதில்ல. செய்திதான் போகுது. 1983 ஜனவரியில அமெரிக்காவுல ஒரு இசைக்கருவிக் கண்காட்சியில ப்ராஃபெட்-600, ஜுபிடர்-6ன்னு ரெண்டு வேற வேற கம்பெனி சிந்தசைஸரை ஒரே வயர்ல பேச வச்சாங்க. இதுக்காக டேவ் ஸ்மித், இகுதாரோ ககேஹாஷி ரெண்டு பேருக்கும் 2013ல டெக்னிக்கல் கிராமி கொடுத்தாங்க. அன்னைக்கு வச்ச மொழிதான் இன்னைக்கும். கட்டையை அமுக்கினா மூணு பைட்: நோட் ஆன், எந்தக் கட்டை, எவ்வளவு வேகம். விட்டா இன்னொரு மூணு பைட்: நோட் ஆஃப். ரெண்டாவது வர்ற வரைக்கும் சாஃப்ட்வேர் விசுவாசமா வாசிச்சிட்டே இருக்கும். என் கீபோர்டு நோட் ஆஃப் சொல்றதுக்கு முன்னாடியே செத்துப் போச்சு.

இதுக்கு அந்தக் காலத்துலயே ஒரு மருந்து யோசிச்சிருக்காங்க. ஆக்டிவ் சென்சிங். 'நான் உயிரோட இருக்கேன், இருக்கேன்'னு கீபோர்டு 300 மில்லி செகண்டுக்குள்ள ஒரு பைட் அனுப்பிட்டே இருக்கணும். அது நின்னா இந்தப் பக்கம் எல்லா நோட்டையும் அடக்கிடணும். ஆனா அது கட்டாயம் இல்ல. பல கீபோர்டு அனுப்பாது, பல சாஃப்ட்வேர் கண்டுக்காது.

மேடையில இதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? மாஸ்டர்தான் எழுந்து வந்து மிக்ஸர்ல என் சேனலை முழுசா இறக்கினார். அப்புறம் தன் பழைய கீபோர்டுல, அதோட சொந்த ஸ்டிரிங்ஸ்லயே, பாட்டை விட்ட இடத்துல இருந்து எடுத்தார். பாடகிக்குக் கண்ணாலேயே ஒரு சைகை. அடுத்த ஏழு பாட்டும் அவர்தான். நான் ஸ்க்ரீனைப் பார்த்துட்டு நின்னேன்.

வண்டியில சாமான் ஏத்தும்போது டிரம்ஸ் அண்ணன் சொன்னார்: நான் வந்ததுல இருந்து மாஸ்டருக்குப் பாதிச் சம்பளம்தானாம். மீதிப் பாதி எங்க போகுதுன்னு கேக்க வேண்டியதில்ல, அது என் பாக்கெட்ல இருந்த கவர்தான்.

இப்போ என் செட்டப் வேற. ஒவ்வொரு வயருக்கும் ஓட்டைக்கும் ஒரே கலர் டேப். விண்டோஸ்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் ஆஃப். சாஃப்ட்வேரையும் மாத்திட்டேன். கிக் பெர்ஃபார்மர், கான்டபைல் மாதிரி சிலதுல 'மேல் கீபோர்டு', 'கீழ் கீபோர்டு'ன்னு நாமே ஒரு பேர் வச்சுக்கலாம். பாட்டுக்கெல்லாம் அந்தப் பேர்தான் தெரியும். நிஜ கீபோர்டு மாறினா ஒரே இடத்துல மாத்தினா போதும். பானிக் பட்டனை லேப்டாப்லயே ஒரு கீயில வச்சிருக்கேன். அறுந்து போன கீபோர்டுல வச்சு என்ன பிரயோஜனம்? வீட்டுல வாசிக்கும்போதே நடுவுல வயரைப் பிடுங்கிப் பார்ப்பேன். அம்மாவுக்கு எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயம்.

ஓனர்கிட்ட ரெண்டு பேருக்கும் சமமா கொடுங்கன்னு கேட்டேன். சிரிச்சார். அடுத்த கச்சேரியில இருந்து என் கவரைப் பிரிச்சு மாஸ்டர்கிட்ட நீட்டினேன், அவர் வாங்கல. "வேணாம் தம்பி. அந்தப் பானிக் பட்டன் எங்க இருக்கு, அதைக் காட்டு"ன்னார். காட்டினேன். ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்துட்டு, தன் கீபோர்டு வயரை எடுத்துட்டுப் போய் மிக்ஸர்ல தனி சேனல்ல சொருகினார்.