குவளை நீரில் ஒளூ

வற்றாத தாமிரபரணிக் கரையில், வண்ணார்பேட்டையில் வாழும் எங்களுக்குத் தண்ணீரை அளக்கும் தேவை எழுந்ததில்லை. சிறு வேனையே வீடாக்கி மாதக்கணக்கில் பயணித்தபோது, 20 லிட்டர் கேன் ஒன்றே சமையலுக்கும் குடிப்பதற்கும் ஒளூவுக்கும் ஆதாரமாயிற்று. வழியிலுள்ள பள்ளிவாசல்களில் அனுமதி பெற்று அதனை நிரப்பிக்கொண்டோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளூச் செய்தார்கள் என ஹதீஸ் அறிவிக்கிறது. அது ஏறத்தாழ முக்கால் லிட்டர். அவ்வளவு கொள்ளும் குவளையொன்றை வைத்துக்கொண்டோம். ஒருவரின் ஐவேளை ஒளூவுக்கும் 4 லிட்டரே போதுமாயிற்று.

நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்குவது பயணிக்கு அல்லாஹ் அளித்த சலுகை. ஊர் திரும்பியதும் அச்சலுகை முடிந்தது. வீண்விரயம் கூடாது என்னும் கட்டளையோ ஆற்றங்கரையில் வாழ்பவருக்கும் உரியது. ஆகவே அக்குவளை இன்றும் எங்கள் குழாயடியில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடமும் ஒரு குவளையைக் கொடுத்துப் பாருங்கள்.