86 வயசுல ஆஞ்சியோவா?

சென்ற வருடம் அத்தானுக்கு மாரடைப்பு வந்தபோது வயது 86. நெஞ்சுவலியே இல்லை, மூச்சிரைப்பும் வியர்வையும்தான். முதியவர்களுக்குப் பல சமயம் அப்படித்தான் வருமாம்.

"இந்த வயசுல ஆஞ்சியோ எதுக்கு மாமா? ஊசி போட்டுப் பார்க்கலாமே" என்றான் அக்கா மகன். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியில்தான் வயதானவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு அபாயம் அதிகம் என்றார் டாக்டர். தானாகக் குளிப்பாரா, ஞாபகம் சரியா, சிறுநீரகம் எப்படி என்றுதான் விசாரித்தார். அடைப்பைத் திறக்க வயது வரம்பு இல்லை என்று ஐரோப்பிய இதய மருத்துவர்களின் 2017 வழிகாட்டியும் சொல்கிறது. பிறந்த தேதி பார்த்து 60இல் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் சர்க்காரோடு போகட்டும்!

கையெழுத்தை அக்காவே போட்டாள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, பலூனால் அடைப்பைத் திறந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். (மனிதருக்கு முதல் கரோனரி ஸ்டென்ட் வைத்தது 1986இல், பிரான்சின் துலூஸ் நகரில். பிரெஞ்சில் படித்த எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.)

சிறுநீரகம்தான் ஒரு வாரம் படுத்தியது. இப்போது வாசல்வரை நடக்கிறார். ரசத்தில் உப்பில்லை என்று அக்காவிடம் சண்டை.