பசியும் பண்ணும்

கொல்லிமலை, செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. எனக்கோ அவனைப் பாடிய வன்பரணர் ஞாபகம். யானையும் வெள்ளி நாரில் தொடுத்த குவளைக் கண்ணியும் பெற்ற தன் சுற்றம் ஆடவில்லை, பாட்டையும் மறந்தது. பசி போனதாலோ என்று கேட்கிறார் (புறம் 153). நள்ளியைப் பாடும்போதும் இதுவே: கொடை பெற்ற பாணர் மாலையில் மருதம், காலையில் செவ்வழி என்று பண்ணை மாற்றி வாசித்தார்களாம் (149). புகழ்ச்சி என்பார்கள். எனக்கென்னவோ வாக்குமூலமாகப் படுகிறது. ஒருமுறை பரிசுப் பணம் வந்து, எட்டு மாதம் நான் ஒரு வரி எழுதவில்லை.

சியரா லியோனில் கள்ளுக்கடைக் கிதார் மரபில் வந்த எஸ். ஈ. ரோஜி (இறப்பு 1994) தையல் வேலையில் பிழைத்துக்கொண்டே பாடியவர்.

காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். பாணர்களுக்கு மறுபடி பசித்திருக்கும்.