இரண்டு பைகளும் ஒரு ரெக்கார்டு நோட்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்புக்கு வந்த தமிழ்த்துறைப் பேராசிரியர், "உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுது, போதும்" என்றார். இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம் பை தூக்குவதுதான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். நண்பர்கள் நகைக்க வேண்டாம்.

சனி, ஞாயிறுகளிலும் முகூர்த்த நாள்களிலும், கும்மிடிப்பூண்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு உதவியாளாகப் போகிறேன். கல்யாண மண்டபங்களில் "ஏம்பா லைட்டு, கொஞ்சம் தள்ளி நில்லு" என்று பெரியவர்கள் விரட்டுவார்களே, அந்த 'லைட்டு' நான்தான். நாளொன்றுக்கு 700 ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடு. அப்பா சிப்காட் வளாகத்தில் ஓர் இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரயில் சீசன் டிக்கெட், தேர்வுக் கட்டணம், இந்தக் கட்டுரையை எழுதும் பேனா உட்பட யாவும் அந்தக் கூலியில் வந்தவையே.

கேமரா என்றால் கழுத்தில் தொங்கும் ஒரு பொருள் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். வேலைக்குப் போன முதல் நாளே அந்த மயக்கம் தீர்ந்தது. இரண்டு கேமரா, ஒன்று பழுதானால் மற்றொன்று வேண்டுமல்லவா? தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸ் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. அதற்குமேல் 24-70, 85 லென்சுகள், ஃபிளாஷ் இரண்டு, பேட்டரிகள், சார்ஜர்கள், எடுத்த படத்தை அங்கேயே ஏற்றி வைக்க ஒரு லேப்டாப். விளக்குகளும் ஸ்டாண்டுகளும் வீடியோக்காரருடைய ஆட்டோவில் போய்விடும். மீதியெல்லாம் ஒரே முதுகுப் பையில். அரிசிக் கடைத் தராசில் ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன். 11 கிலோ காட்டியது. கடைக்காரர், "என்னப்பா, புழுங்கலா பச்சையா?" என்று கேட்டார்.

இந்தச் சுமை இன்று நேற்று வந்ததல்ல. நூலகத்தில் ஒரு நூலைப் புரட்டியபோது லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியைப் பற்றிப் படித்தேன். 1856இல் அவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் புறப்பட்டு, சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றியிருக்கிறார். கேமராவும் தாள்களும் மருந்துகளும் மாட்டு வண்டிகளில் ஏறிப் போயின. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் தனித்தனியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கிய மனிதர் அவர். அவருக்கு வண்டி, எனக்கு முதுகு. வேறுபாடு அவ்வளவே என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்களில் என் வலது தோள் வலி எடுத்துப் படுத்தியது. அண்ணனிடம் சொன்னேன். அவரும் நல்ல மனிதர். இன்னொரு பை வாங்கித் தந்தார். "நீ காலேஜ் படிக்கிற பையன். எதை எதுல வைக்கணும்னு நீயே பிரிச்சு வை தம்பி" என்றார். படித்தவன் என்று என்னை நம்பி ஒருவர் பொறுப்புக் கொடுத்தது அதுதான் முதல் முறை. நானும் மிகுந்த அறிவாளியைப் போல் பிரித்தேன். எங்கள் அம்மா சமையலறை அலமாரியில் மிளகாய் ஒரு டப்பா, பருப்பு ஒரு டப்பா என்று வைத்திருப்பார். அதே முறைதான். கேமராக்கள், லேப்டாப், சார்ஜர் ஒரு பை. லென்சுகள், ஃபிளாஷ், உபரி பேட்டரி, மெமரி கார்டு மறு பை. எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அண்ணன் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றார். அந்தப் பிரமாதத்தின் லட்சணம் சென்ற ஆவணி மாதத்தில் தெரிந்தது.

திருவள்ளூரில் ஒரு கல்யாணம். சனிக்கிழமை மாலை வரவேற்பு, மறுநாள் காலை 6 மணிக்கு முகூர்த்தம். கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம் என்றுதான் பெயர். ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே போய், அங்கே இறங்கி வேறு வண்டி பிடித்து மேற்கே போக வேண்டும். பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போகலாம்தான். முகூர்த்த நாளில் அந்தப் பஸ்களில் ஆள் ஏறுவதே கடினம், பை எங்கே ஏறும்? ரயிலில் போனோம்.

திங்களன்று இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையின் கணக்கீடு பாக்கி. கேமராப் பையை மடியில் வைத்து, அதன்மேல் நோட்டை வைத்து, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று எழுதிக்கொண்டே வந்தேன். திருவொற்றியூரில் கூட்டம் ஏறியதும் எழுந்து நின்று, மேல் பலகையிலிருந்த லென்ஸ் பையின் பின்னறையில் நோட்டைச் செருகினேன். பேசின் பிரிட்ஜில் மடியிலிருந்ததைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். தோளில் ஒரு பை கனத்தது. அந்தக் கனமே எல்லாம் இருக்கிறது என்று என்னை நம்ப வைத்துவிட்டது.

திருவள்ளூர் வண்டி பெரம்பூரைத் தாண்டியபோது அண்ணன் கேட்டார்: "தம்பி, லென்ஸ் பை எங்கே?"

நண்பர்களே, அந்தக் கேள்வியை எழுதும்போதுகூட என் கை நடுங்குகிறது. அந்தப் பையிலிருந்த பொருள், பழைய விலைக்கு வாங்கியதே ஆனாலும், ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. அது அப்பாவின் ஓராண்டுச் சம்பளம். வேலையில் சேர்ந்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான்: "அடுத்தவங்க பொருள்டா. ஒடைஞ்சா நம்மளால கட்ட முடியாது."

அண்ணன் திட்டவில்லை. ரயில்வேயின் 139 எண்ணுக்குப் போன் செய்து விவரம் சொன்னார். "நீ போய்த் தேடு. நான் மண்டபத்துக்குப் போறேன்" என்றார். வில்லிவாக்கத்தில் இறங்கித் திரும்பினேன். சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் போய் விசாரித்தால், நாங்கள் வந்த அதே வண்டி திரும்பவும் கும்மிடிப்பூண்டிக்கே கிளம்பிப் போயிருந்தது. நான் ஊரை விட்டு வந்துவிட்டேன், பை ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது! சிறிது நேரத்தில் தகவல் வந்தது. யாரோ ஒரு பயணி, ஆளில்லாத பையைக் கண்டு பொன்னேரியில் இறங்கி ஒப்படைத்திருக்கிறார். அவர் ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது.

பொன்னேரி போய்ச் சேரும்போது இரவு 8 மணி. அங்கிருந்த காவலர் நியாயமான கேள்வியைக் கேட்டார்: "இது உன் பைதான்னு என்ன அத்தாட்சி?" என்னிடம் ரசீது இல்லை. லென்சுகளின் எண்கள் மனப்பாடம் இல்லை. 85 லென்சின் மூடியில் கீறல் இருக்கும், பேட்டரிகளில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும் என்றேன். திறந்து பார்த்தவர்கள் யாரும் அதைச் சொல்லலாமே என்றார். அதுவும் சரிதான். அப்போதுதான் பின்னறை நினைவுக்கு வந்தது. ரெக்கார்டு நோட்டை வெளியே எடுத்தார். அட்டையில் என் பெயர், வகுப்பு, பதிவெண், நம் கல்லூரியின் பெயர். என் அடையாள அட்டையை வாங்கி ஒப்பிட்டார். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "கணக்குப் பாதியில நிக்குதே?" என்றார். "இந்த ரயில்லதான் சார் எழுதிட்டிருந்தேன்" என்றேன். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பையைத் தந்தார். ஒன்றரை லட்ச ரூபாய்ப் பொருளில் எதிலும் யார் பெயரும் இல்லை. 60 ரூபாய் நோட்டில்தான் பெயர் இருந்தது.

திருவள்ளூர் மண்டபத்தை அடைந்தபோது பதினொன்றரை. வரவேற்பு முடிந்து மேடைப் பூவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். நடந்ததைப் பிறகு சொன்னார். இரண்டு கேமரா இருந்தும் அவற்றில் மாட்ட ஒரு லென்ஸ் இல்லை. உள்ளூர் ஸ்டூடியோக்காரர் ஒருவர், முன்பின் பழக்கமில்லாதவர், தன்னிடமிருந்த 50 லென்சையும் ஒரு கார்டையும் கொடுத்து உதவியிருக்கிறார். 50இல் பார்வைக்கோணம் குறுகல். குடும்பப் படம் எடுக்க அண்ணன் பின்னால் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் பந்தி நடக்கும் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றாராம். ஃபிளாஷ் இல்லாததால் வீடியோக்காரரின் விளக்கு எரியும்போது மட்டுமே படம். ஒரு கேமராவின் பேட்டரி தீர்ந்ததும் மற்றதிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டார். இரண்டாவது கேமரா அன்று செய்த உதவி அது ஒன்றே. விடியற்கால முகூர்த்தம் மட்டும் குறையின்றி எடுக்கப்பட்டது. கூலியை அண்ணன் நீட்டியபோது என்னால் வாங்க முடியவில்லை. என் சட்டைப் பையில் அவரே செருகினார்.

பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். தொடர் இணைப்பில் ஒரு விளக்கு போனால் எல்லாம் அணையும். பக்க இணைப்பில் மற்றவை எரியும். திருவிழாவில் பழைய சீரியல் பல்பு மாலை முழுதும் இருண்டு போவதைப் பார்க்காதவர் உண்டா? நான் செய்ததும் அதுதான். பை இரண்டு என்றாலும் ஒன்றில்லாமல் மற்றது செல்லாது. ஒரே பையாக இருந்தபோது தொலைய ஒரு வாய்ப்பு. நான் பிரித்த பிரிப்பில் இரண்டு வாய்ப்பு! தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தோளில் தூக்கும்போது தோன்றவில்லை. டிரைப் துரை தம் வண்டிகளில் மருந்தை ஒன்றிலும் கேமராவை ஒன்றிலும் ஏற்றியிருப்பாரா, அல்லது என்னைவிட விவரமாக இருந்திருப்பாரா என்று இப்போது அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

மறு வாரம் எல்லாவற்றையும் பாயில் கொட்டிப் புதிதாகப் பிரித்தேன். ஒவ்வொரு பையிலும் ஒரு கேமரா, அதற்கு ஒரு லென்ஸ், ஒரு ஃபிளாஷ், பாதி பேட்டரி, பாதி கார்டு. எந்தப் பை தனியே போனாலும் ஒரு கல்யாணத்தை ஒருவாறு எடுத்துவிடலாம். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "அவசரத்துக்கு 85 எந்தப் பையிலன்னு தேடணுமே" என்றார். அவர் சொல்வதும் உண்மை. பழைய ஒழுங்கின் அழகு இதில் இல்லை. இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று பழக இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் எடை இரு தோளுக்கும் ஏறக்குறையச் சமமாகிவிட்டதால் வலியும் குறைந்தது. விமானத்திலும் உபரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்கில் போடக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒருமுறை கோவைக்குப் பறந்து வந்த அண்ணன் அதைச் சொன்ன பிறகு, பேட்டரிகளுக்கு மட்டும் சிறு உறை தைத்து வைத்திருக்கிறேன்.

எடுத்து முடித்த கார்டுகள் எந்தப் பையிலும் போவதில்லை. அவை என் சட்டைப் பையில், பட்டன் போட்டு. லென்ஸ் போனால் கடனோ உடனோ வாங்கலாம். கட்டிய தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? நம் ரயில் பாதையிலேயே மேலும் வடக்கே சூலூர்பேட்டையில் இறங்கினால் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகலாம். அங்கிருந்து ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் எங்கள் தெருவே மாடியில் நிற்கும். அப்படி நின்றபோதுதான் இது நினைவுக்கு வந்தது. அப்போலோ பயணங்களில் நிலவுக்குப் போனவர்கள் எடை குறைப்பதற்காக 12 ஹாசல்பிளாட் கேமராக்களை அங்கேயே விட்டுவிட்டு, படச் சுருள் இருந்த பெட்டிகளை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார்கள். எத்தனை விலையுயர்ந்த கேமராக்கள்! அண்ணனிடம் சொன்னேன். "அவங்களுக்கு ஈ.எம்.ஐ. இல்லை" என்றார்.

அப்பாவிடம் நடந்ததை மறைக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, அந்தப் பை எவ்வளவு பெறும் என்று கேட்டார். சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய், தம் சாப்பாட்டுப் பையில் கட்டியிருந்த தகர வில்லையைக் கழற்றி வந்து காட்டினார். ஆலை வாசலில் நூறு பைகள் ஒன்றுபோல் தொங்குமாம். ஆணியால் தட்டித் தட்டித் தம் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்திருந்தார். அதே போல் இரண்டு வில்லைகள் செய்து தந்தார். அண்ணனின் பெயரையும் போன் எண்ணையும் அவற்றில் எழுதி இரு பைகளிலும் கட்டினேன்.

வரும் ஞாயிறு ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணம். பைகள் இரண்டும் வாசலில் தயாராக இருக்கின்றன. ரெக்கார்டு நோட்டு மட்டும் வீட்டில்.