விமானம் இல்லாத வாரம்

2017 நவம்பர் 25, உலுவாத்து, பாலி

செங்குத்துப் பாறையின் நுனியில் கோயில், கீழே கடல். கைலி கட்டி, இடுப்பில் துண்டு சுற்றாமல் விடமாட்டார்கள். கட்டினாலும் உள்முற்றம் நமக்கில்லை. குரங்குகள் கண்ணாடியைப் பறிக்கும் என்று சொன்னதால் பாதிக் கோயிலை மங்கலாகத்தான் பார்த்தேன்.

பொழுது சாயும்போது கெச்சாக். மேளமில்லை, தாளமில்லை. சட்டை போடாத ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து போடும் ‘சக் சக்’தான் வாத்தியம். கதை ராமாயணம். அனுமன் தீயிலிருந்து எழுந்து படிக்கட்டில் ஏறி ஒருவரின் வழுக்கைத் தலையைத் தடவ, ஒரே கைத்தட்டல். அருள் வந்து ஆடும் சங்யாங் சடங்கின் குரலோடு ராமாயணத்தைச் சேர்த்து 1930களில் உருவான ஆட்டம் இது. வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியருக்கும் அதில் பங்குண்டு. அருளை மட்டும் விட்டுவிட்டார்கள். பயணிக்கு அது போதும். எனக்கும் போதுமாகத்தான் இருந்தது.

திங்கள் இரவு விமானம். புதன்கிழமை அப்பாவுக்குத் தலைத்திவசம்.

நவம்பர் 27

அகுங் எரிமலை சாம்பலைக் கக்குகிறது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள்.

நவம்பர் 28

இன்றும் மூடல்தான். கவுன்ட்டரில் எதைக் கேட்டாலும் ‘நாளைக்கு’.

தம்பிக்குப் போன் போட்டேன். “நான் பாத்துக்கறேண்ணா, நீ டென்ஷன் ஆகாத” என்றான். தகப்பனுக்குத் தலைச்சன்தானே செய்ய வேண்டும்? கொள்ளி வைத்தவன் நான். ஐயரிடம் கேட்டாயிற்றாம், பரவாயில்லை என்றாராம். என்னைக் கேட்குமுன் ஐயரைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா போனை வாங்கி, “காக்காய்க்கு யாரு சோறு வெச்சா என்னடா” என்றாள். வைத்துவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

வாடகைக் கார் ஓட்டுநரின் அம்மா எரிமலைக்குப் பயந்து கராங்காசெமில் முகாமில் இருக்கிறாராம். செப்டம்பரில் ஒருமுறை கிளம்பி, திரும்பி, இப்போது மறுபடியும். 1963இல் பெசாகி கோயிலில் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் ஏகாதச ருத்ர விழா நடந்தபோதுதான் இதே மலை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; எரிமலைக் குழம்பு கோயிலைத் தொடாமல் போயிற்று. விழாவை 1979இல் மறுபடி எடுத்தார்கள். இதையெல்லாம் கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்.

நவம்பர் 29

மத்தியானம் விமான நிலையம் திறந்தது. ஆனால் எனக்கு முன்னால் ஊரே நிற்கிறது. அறையில் இருக்க முடியவில்லை. உபுத் பக்கத்துக் கிராமக் கோயிலில் திருவிழா என்று ஓட்டுநர் கூட்டிப்போனார். 210 நாளுக்கு ஒருமுறை வருமாம். தெருவில் கலுங்கான் பண்டிகைக்கு நட்ட மூங்கில்கள் காய்ந்து வளைந்து நின்றன.

கூரையில்லாத முற்றம். விக்கிரகம் இல்லை, உயரமான கல் பீடம், அதில் யாருமில்லை. அதைப் பார்த்தபடி ரெஜாங் ஆடினார்கள். வெள்ளை ரவிக்கை, மஞ்சள் இடைத்துணி, கொண்டையில் பூ. எல்லாரும் ஊர்ப் பெண்கள். நாலடி நடந்து, கையை விரித்து, துண்டின் நுனியை இரண்டு விரலால் தூக்கி, நின்று, மறுபடி நாலடி. ஒருத்தியின் இடுப்பில் செல்போன் துருத்திக்கொண்டிருந்தது. எங்களுக்கு முதுகுதான். சுற்றிலும் பேச்சு, தூபம், ஓடும் பிள்ளைகள். நம் சபாவில் நடராஜர் மேடையோரம் நிற்பார், ஆட்டம் நம்மைப் பார்த்து நடக்கும். எனக்கு அதுதான் பழக்கம்.

நடுவில் ஒரு குழந்தை அழுதது. இரண்டாம் வரிசைப் பெண் விலகிப் போய் எடுத்துக்கொண்டாள். ஓரத்தில் தாம்பாளம் அடுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் நின்று, அதே அடியில் சேர்ந்துகொண்டாள். வரிசை நிற்கவேயில்லை.

பூசாரி என் தலையிலும் தீர்த்தம் தெளித்து, நெற்றியில் அரிசி ஒட்டினார். அப்போது ஊரில் படையல் முடிந்திருக்கும்.

நவம்பர் 30

வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட், கோலாலம்பூர் வழியாக. தம்பி படம் அனுப்பியிருக்கிறான்; அம்மா சிரிக்கிறாள். திவசத்தன்று என்ன சிரிப்பு என்று எழுதி அழித்தேன். மறுபடி எழுதி அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.